அறுவை மெஷினை நிறுத்திய மத்தியானம்

தச்சரின் ஒரே மகள் சரியான வாயாடி. ஐந்து வயதுக்கு அத்தனை பேச்சு ஆகாது. பட்டறைக்கு வருகிறவர்களிடம், "அப்பா நாளைக்குன்னு சொன்னா அடுத்த வாரம்னு அர்த்தம்" என்று போட்டுக்கொடுப்பாள். அவளுக்கு வலிப்பு உண்டு. கொஞ்ச நேரம் இழுக்கும், அடங்கும், பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். அந்தத் தூக்கத்தை யாரும் கெடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். போட்டவர் தச்சரேதான்.

அன்று அவளுக்குக் காய்ச்சல். காலையில் கொடுத்த வலிப்பு மருந்தை அப்படியே வாந்தியெடுத்துவிட்டாள். மனைவி துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் வலிப்பு வந்து, வழக்கத்தைவிட நீளமாக இழுத்தது. தச்சர் பதறிப்போய் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கார் வாசலில் வந்து நிற்கவும் கைகால் ஆட்டம் நிற்கவும் சரியாக இருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பியது. காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார்.

மகள் வழக்கம்போல் தூங்குகிறாள், சத்தம் எழுப்பிவிடக் கூடாது என்று கீழே பட்டறையில் மரம் அறுக்கும் அறுவை மெஷினை நிறுத்தினார். வலிப்பு என்று கேள்விப்பட்டு, வெகுநேரம் கழித்து எட்டிப்பார்க்க வந்த மச்சினியைக் கதவருகிலேயே மடக்கினார்.

"குழந்தை தூங்குது. மெதுவா பேசும்மா."

"இவ்வளவு நேரமாவா? எழுப்பித்தான் பாருங்களேன், மாமா."

"எனக்குத் தெரியாததா? நீ கிளம்பு."

மச்சினி வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மகளின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். விழிகள் இரண்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன. உதட்டோரம் லேசாக, விடாமல் துடித்தது.

"ஐயோ, இவ தூங்கலைங்க!"

ஆஸ்பத்திரியில் முதல் ஊசிக்கு அடங்கவில்லை. அடுத்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் போட்டார்கள்.

"ஆட்டம் நின்னா வலிப்பு நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க" என்றார் டாக்டர். "மூளைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நேரம் ஆக ஆக மருந்துக்குக் கட்டுப்படாது. உடனே வந்திருந்தா முதல் ஊசியிலயே நின்னிருக்கலாம்."



சில நாள் கழித்து மகள் கண் திறந்தாள். வலது கை துவண்டு கிடந்தது. அப்பாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

"பேச்சு வருமா, டாக்டர்?"

"வரலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது."

டாக்டர் போன பிறகும் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தச்சருக்கு அதுதான் தாங்கவில்லை.

"நாலு வார்த்தை திட்டித்தொலையேன்."

அவள் மகளின் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

"திட்டி என்னங்க ஆகப்போகுது? நானா இருந்தாலும் தூங்கட்டும்னுதான் விட்டிருப்பேன்."

பச்சைப் பொய். அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தச்சர் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டார். அந்தப் பொய்யும் இல்லாமல் மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.