தையலறைக்கு அடியில்

குளியலறைத் தரையில் கறுப்பாய் ஒரு கழிவுநீர் வட்டம் ஊறி எழுந்தபோது தையல்காரிக்கு அருவருப்போடு ஒரு திருப்தியும் உண்டாயிற்று. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. மாடியிலிருக்கும் ஓரகத்திதான் குழந்தையின் நாப்கின்களைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள் என்று வாசலில் நின்று தெருவே கேட்க அவள் சொல்லியிருந்தாள். "நான் அப்படிச் செய்வேனாக்கா?" என்று ஒரே தடவை கேட்ட ஓரகத்தி, சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். இன்று மதியம் வண்டி வருகிறது. தம்பி பிரிந்து போகிறானே என்று கணவன் நான்கு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி வருமுன் குழாய்க்குள் இருக்கும் நாப்கினைக் காட்டிவிட்டால் பழி தன்மேல் நிற்காது என்பது அவள் கணக்கு.

தெருவிலிருந்த சாக்கடை மூடியைக் காலையிலேயே திறந்து பார்த்த நகராட்சிப் பொறியாளர் கையை விரித்துவிட்டார்.

"தெருக் குழாய் ஜோரா ஓடுதும்மா. அதுல உங்க குழாய் வந்து சேர்ற இடம் வரைக்கும் உங்க பொறுப்பு. எது உடைஞ்சாலும் நீங்கதான் சரிபண்ணணும்."

"நீங்கன்னா யாரு? கீழ்வீடா, மேல்வீடா?"

"அத நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்று அவர் ஆளை விட்டால் போதுமென நழுவினார்.

பிறகு பிளம்பர் வந்தார். நீண்ட கம்பியின் நுனியிலிருந்த கேமராவைக் குழாய்க்குள் செலுத்தியபடி, ஒரு கருவியை அவளிடம் நீட்டினார்.

"தரைமேல பிடிச்சுக்கிட்டே நடங்க. கேமரா கீழ எங்க இருக்கோ, அங்க கத்தும்."

முற்றத்தின் இடப்பக்கத்தில் ஓர் இரும்பு மூடி உண்டு. கழிவுக் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது என்பதில் அவளுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அங்கே கருவி ஊமையாக இருந்தது. வலப்பக்கம் திரும்பியதும் கீச்சிட்டது. கீச்சொலி அவளை முற்றத்தைத் தாண்டி, போன வருடம் கட்டிய தையலறைக்குள் இழுத்துச் சென்று, தையல் இயந்திரத்தை ஒட்டிய தூணருகே நிறுத்தியது.

குளியலறையிலிருந்து பிளம்பரின் குரல் வந்தது. "அம்மா, கேமரா இதுக்கு மேல போகமாட்டேங்குது! ஒரே கான்கிரீட்டா இருக்கு. துருப்பிடிச்ச கம்பி ஒண்ணு வேற நீட்டிக்கிட்டு நிக்குது. அதுல என்னமோ கலர் கலரா... நூல்! பந்து பந்தா நூல்! உங்க வீட்ல யாரும்மா தைக்கிறது?"

அஸ்திவாரம் தோண்டிய அன்று கொத்தனார் கேட்டது அவள் காதில் ஒலித்தது: "இந்தப் பக்கம் குழாய் ஏதும் போகுதாம்மா?" கழுத்தில் அளவு நாடாவோடு தான் சொன்ன பதிலும் கூடவே ஒலித்தது: "மூடி அந்தப் பக்கம் இருக்கே, கண்ணு தெரியலையா? தைரியமா தோண்டு!" தினமும் இந்த அறையைத் துடைத்த வாளித் தண்ணீரை அவள் கொட்டுவதும் கழிவறையில்தான்.

பிளம்பர் கடப்பாரையால் முற்றத்து இரும்பு மூடியை நெம்பினார். உள்ளே காய்ந்த சருகுகள். "இது மழைத்தண்ணி போற தொட்டிம்மா. பாதிக் குழாயத் தூண் அடைச்சிருச்சு, மீதிய நூல் அடைச்சிருச்சு. நாப்கின்னு சொன்னீங்களே, அது மருந்துக்குக்கூட இல்ல. தையலறைத் தரைய உடைச்சுத்தான் ஆகணும்."

வாசலில் வண்டியின் ஹாரன் அலறியது.

படிகளில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஓரகத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"குழாய்ல இருக்கிறது என் நூலு. நான் கட்டின தூணு."

ஓரகத்தி முடிச்சை இறுக்கினாள். "என்னைப் பத்தி வாசல்ல நின்னு சொன்னீங்க. இதையும் அங்கயே நின்னு சொல்லுங்கக்கா."

தையல்காரி வாசலுக்கு இறங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"தப்பு..." என்று தொடங்கினாள்.

"சாமான ஏத்தலாமா, வேணாமா?" என்று வண்டிக்காரர் பொறுமையிழந்தார்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இருங்கண்ணே. அக்கா இன்னும் சொல்லி முடிக்கல."