படையலில் ஒரு பீடி

இருளப்பனுக்கு நல்ல போட்டோ என்று இருந்தது அது ஒன்றுதான். புகைத்தலை ஒழிக்க அரசாங்கம் ஒதுக்கிய காசில் அச்சடித்த போஸ்டர். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, கீழே சிங்களத்திலும் தமிழிலும் 'நான் பீடியை விட்டுவிட்டேன். நீங்கள்?' தெரணியகலை பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரிச் சுவரில், ரப்பர் ஸ்டோர் வாசலில் என்று, செத்துப்போன மனிதர், பெண்சாதி சுகந்தினி போகிற இடமெல்லாம் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தார். முதல் வருடத் திவசத்துக்கும் அதையே தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராச் சுவரில் ஒட்டி மாலை போட்டார்கள்.

அந்தப் புகை ஒழிப்புத் திட்டத்து மிஸ் நூரியா வாராவாரம் வந்துபோன காலத்தில்தான் அவர் பீடியை விட்டார். திட்டத்துக் காசு முடிந்து மிஸ் வராமல் போன பிறகும் தொடவில்லை. சுகந்தினிக்குக் கொடுத்த வாக்கு அது. நெஞ்சுதான் முன்னமே கெட்டுப்போயிருந்தது. "விட்டவன் போய்ட்டான், குடிக்கிற நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம்" என்று லயத்தில் கேலி வேறு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். யாரும் புகைக்காத வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும் பீடி வாசத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சோறு, கறி, கருவாடு, சீனி போடாத தேத்தண்ணி எல்லாம் வைத்தாயிற்று. வாசலில் வைத்த சோற்றைக் காகம் கூரைத் தகரத்தில் உட்கார்ந்து பார்த்ததே தவிர இறங்கவில்லை.

"எப்புடி எறங்கும்? அவன் கேக்குறது இதுல இல்லையே." மாமியார் ஜெயம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பீடியை எடுத்து நீட்டினார். "பத்த வையி."

"அவரு விட்டுட்டாருங்க அத்தை."

"ஒனக்காக விட்டான். இப்ப யாருக்காக விடணும்?"

சுகந்தினி பீடியைக் கையில் வாங்கினாள். வைத்தால் பீடியை விட அவர் பட்ட பாடெல்லாம் வீண். வைக்காவிட்டால் இன்றைக்கும் ஆசை தீராமல் போவார். இரண்டுமே அவளுக்குப் பயமாக இருந்தது. பீடி ஊதுபத்தி இல்லை, வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். ஜெயம்மாவுக்கோ மூச்சிளைப்பு. காம்பராவில் வேறு ஆளும் இல்லை.

அவளே இழுத்தாள். உடனே இருமல் வந்தது. வறண்ட இருமல், முடிவில் ஒரு நீண்ட இழுப்பு. கட்டிலில் கிடந்து அவர் இருமிய அதே இருமல். ஜெயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பீடியை இலை ஓரத்தில் வைத்தாள். புகை எழுந்து முதலில் எழுத்துகளை மறைத்தது, பிறகு சிரிப்பை மறைத்தது. தகரத்தில் காகத்தின் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. அதற்குள் பீடி அணையப் பார்த்தது. சுகந்தினி அதை எடுத்து மறுபடியும் வாயில் வைத்தாள்.