ஓரத்துண்டு

கல்லாய் இறுகிக் கிடந்த இறைச்சியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சமையலறை நடுவில் நின்றார் ஃபின்டன். உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, இரண்டு கிலோ. போன வாரம் மனைவி ப்ரீடா வாங்கி ஃப்ரீசரில் போட்டது. இன்று விடிகாலை நாலு பத்துக்கு அவள் போய்விட்டாள். முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வழக்கப்படி வீட்டுக் கடிகாரத்தை ஃபின்டனே நிறுத்தியிருந்தார். உடல் வெளியேறும்வரை அது ஓடக் கூடாது.

"கடையில வெந்த ஹாமே வாங்கிக்கலாம் அத்தான்," என்றாள் ப்ரீடாவின் தங்கை டிம்ப்னா. "சாயங்காலம் தெருவே திரண்டு வரும். கல்யாணமான வருஷம் நீங்க வேகவெச்சது ஞாபகம் இருக்கா? பூட்ஸுக்கு அடி தைச்சிருக்கலாம்."

"அவளைப் பார்க்க வர்றவங்க அவ வாங்கினதைத்தான் சாப்பிடணும்."

"அப்ப மேஜைமேல வெச்சு உருக விடுங்க."

"வெளியில வெச்சா மேல கெட்டுப்போகும், உள்ள கல்லாவே இருக்கும்னு சொல்லுவா. அப்படியே பச்சைத்தண்ணியில போடணும். நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு, நாலு மணி நேரத்துக்கு ஆறு."

"நேரமா? எதைப் பார்த்து?"

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். நாலு பத்து. டிம்ப்னா ஓடிவந்த அவசரத்தில் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஃபின்டன் கட்டியதே இல்லை. 'நான் இருக்கேன்ல' என்பாள் ப்ரீடா.

மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது. அந்த ஓசையிலேயே பானையை ஏற்றினார். குமிழி கிளம்பியதும் தீயைத் தணித்தார். தண்ணீர் முணுமுணுத்தால் போதும். வந்தவர்கள் ஜெபமாலை சொல்ல, மாலையில் பத்து மணிகள் உருண்டு முடியும்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

"உட்காருங்க அத்தான். மாதா பார்த்துக்குவா."

"மாதாவை நம்பறேன். அடுப்பைத்தான் நம்பலை."

மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி மறுபடி அடித்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்கரண்டியை இறக்கினார். நடுவரைக்கும் வெண்ணெயில் இறங்குவதுபோல் போயிற்று. உள்ளிருந்தும் ஆவி வந்தது. நாருக்குக் குறுக்கே நறுக்கி, ஒன்றுவிடாமல் பெரிய தட்டில் அடுக்கினார். டிம்ப்னா எடுத்துப் போனாள்.

"இது ப்ரீடா பக்குவம்ல?" என்றது முன்னறையில் ஒரு குரல். கரண்டிகள் தட்டுகளில் உரசும் சத்தம் கேட்டது.

ஃபின்டன் அடுப்போரமே நின்றுகொண்டிருந்தார். ப்ரீடா நறுக்கும் நாளெல்லாம் அங்கேதான் நிற்பார், நாற்பது வருஷமாக. அவள் முதல் ஓரத்துண்டைச் சாசரில் வைத்து, திரும்பிப் பார்க்காமலே அவரிடம் நீட்டுவாள்.

காலித் தட்டோடு வந்த டிம்ப்னா, மறு கையிலிருந்த சாசரை அடுப்பு விளிம்பில் வைத்தாள். அதில் ஓரத்துண்டு.

"ஆறிடும் அத்தான்," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பானையைக் கழுவத் தொடங்கினாள்.

நாலு பத்தைப் பார்த்தபடி, நின்றுகொண்டே, மெதுவாக மென்றார்.