மினிட்ஸில் ஏறிய வினிகர்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். எங்கள் குருவானவர் முப்பது வருஷ ஊழியம் முடித்து ஓய்வு பெறுகிறார். அவரைக் கனப்படுத்தும் நாளிலேயே, சபையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களையும் கூப்பிட்டு, பேராயர் கையால் பாராட்டுப் பத்திரம் கொடுப்பதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. பட்டியலில் ஐந்து பேர். ஆர்கன் வாசிப்பவர், ஞாயிறு பள்ளி டீச்சர், பாடகர் குழுவில் தாங்கள் இன்னும் பாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பெரியவர்கள், ஐந்தாவதாக நான். 'பீடப் பணி, இருபத்தாறு வருடம்' என்று போட்டிருந்தது.

எல்லாரும் வந்து கை குலுக்கினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டே பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக மூன்று தடவை படித்தேன். என் அண்ணி பெயர் இல்லை. என் கையைப் பிடித்து இந்தப் பணிக்கு இழுத்து வந்ததே அவர்தான். எனக்கு இருபத்தாறு என்றால் அவருக்கு இருபத்தெட்டு.

ஏன் இல்லை என்று சபைக்கே தெரியும். ஆனால் சபைக்குத் தெரிந்த கதை தப்பு. சரியான கதை என் வயிற்றுக்குள் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தது.

பீடப் பணி என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். சனிக்கிழமை சாயந்தரம், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், திருவிருந்துக்கு வேண்டியதைத் தயார் செய்வது. வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்க வேண்டும், விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும், மெழுகுவர்த்தித் தண்டில் வழிந்த மெழுகைச் சுரண்ட வேண்டும். திராட்சரசம் ஊற்றும் கண்ணாடிக் குடுவையில் கறை படிந்துவிடும், சோப்புக்கெல்லாம் அசையாது. வினிகர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் கொட்டிக் கழுவினால்தான் பளிச்சென்று வரும். எப்போதும் வெள்ளை வினிகர்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கடையில் வெள்ளை இல்லை, சிவப்புத் திராட்சை வினிகர்தான் இருந்தது. எதுவாக இருந்தால் என்ன, கறை போனால் சரி என்று வாங்கி வந்தது நான். குடுவை நிறைய ஊற்றி மூடியை இறுக்கியதும் நான். அந்த நேரம் பார்த்து அண்ணி, நான் இஸ்திரி போட்ட விரிப்பைக் கையில் எடுத்து, "மடிப்பு கோணலா இருக்கே, இன்னொரு தடவ போடேன்" என்றார். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் குடியிருக்கும். "கோணல் என் மடிப்புல இல்ல, உங்க பார்வையில" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். குடுவையில் இருப்பது என்னவென்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மேசையை ஆயத்தம் செய்வது அண்ணியின் முறை. குடுவை சிவப்பாக நிறைந்திருந்தது. கோபத்திலும் நாத்தனார் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து, எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார். குருவானவருக்கோ அன்றைக்கு ஜலதோஷம், வாசனை பிடிபடவில்லை. போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் பேராயர் வருகை.

பேராயர் முதலில் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பிறகு சபையார் வரிசையாக வந்து முழங்காலில் நின்றார்கள். குடித்த ஒவ்வொருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்கள். "இன்னிக்கு சபையில என்ன ஒரு உருக்கம் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நானே சொன்னேன். அப்புறம் என் முறை வந்தது. நாக்கில் பட்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மீந்ததைக் கீழே கொட்டக் கூடாது, குருவானவரே குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. அன்றைக்கு மீந்தது அரைக் கிண்ணம். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். அந்த ஒன்றுக்கே அவருக்கு இரண்டு பத்திரம் கொடுக்கலாம்.

சாயந்தரமே கமிட்டி கூடியது. செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற சேதி அவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. "குடுவையை மேசையில வெச்சது யாரு?" என்று கேட்டார். ஊற்றியது யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. "அண்ணிதான் வெச்சாங்க" என்றேன். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, நான்தான் வெச்சேன்" என்றார். கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது: 'மேசையை ஆயத்தம் செய்த சகோதரியின் கவனக்குறைவால்.'

அன்றிலிருந்து அவருக்கு 'வினிகர் அண்ணி' என்று பெயர். கிண்ணத்தையும் குடுவையையும் தொடக் கூடாது, இஸ்திரியும் மெழுகும் மட்டும்தான் என்று கமிட்டி ஒதுக்கிவிட்டது. என்னோடு பேச்சும் நின்றுபோனது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பொன்குடத்தை உடைத்தவளே நாத்தனார். பழி மட்டும் மருமகளுக்குப் போயிற்று.

ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் இருவரும் வந்தோம். ஒரே அறை, ஆளுக்கு ஒரு மூலை, நடுவில் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் கதவு பூட்டுவதும்தான் பாவம் அவர் வேலை. நாங்கள் தூது வேலையையும் சேர்த்துக் கொடுத்தோம்.

"கோயில்பிள்ளை, விரிப்பு ரெடியான்னு கேளுங்க" என்பேன்.

அவர் இரண்டடி திரும்பி, "விரிப்பு ரெடியாம்மா?" என்பார்.

"அப்பவே ரெடி. கண்ணு இருந்தா பாத்துக்கலாம்னு சொல்லுங்க" என்பார் அண்ணி.

"ரெடியாம்" என்பார் கோயில்பிள்ளை. மீதியை விழுங்கிவிடுவார். நல்ல மனிதர்.

வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் என்னைப் பார்க்கத் தனியாக வருவார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று முனகிவிட்டுப் போவார். இப்போது அவரும் அண்ணியும் மகன் வீட்டோடு போகிறார்கள். தூரத்து ஊர். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பத்திரம், வியாழக்கிழமை அவர்களுக்குப் பயணம். இருபத்தெட்டு வருஷம் உழைத்தவர், வினிகர் அண்ணியாகவே இந்த ஊரை விட்டுப் போகப்போகிறார்.

திங்கட்கிழமை செயலாளர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. உண்மையைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று போனேன்.

"பட்டியல்ல எங்க அண்ணி பேரு விட்டுப்போச்சு சார்."

"விட்டுப்போகல. விட்டோம்" என்றார். "வர்றது அதே பேராயர். அந்த வினிகரக் குடிச்ச நாள்லேர்ந்து நம்ம சபைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவரு. இப்பதான் மனசு இறங்கி வர்றாரு. அவர் கையாலயே அந்தம்மாவுக்குப் பத்திரம் குடுக்கச் சொல்றீங்களா?"

"தப்பு யாருதான் சார் பண்ணல?"

"வேற யாராவது பண்ணியிருந்தா சொல்லுங்க, மினிட்ஸ்ல திருத்திடலாம்" என்று பேனாவை எடுத்தார். மூடியையும் கழற்றினார்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், பேராயரைத் திட்டினேன், வெள்ளை வினிகர் வாங்கி வைக்காத கடைக்காரனைத் திட்டினேன். வீடு வந்து சேர்ந்தபோது திட்டுவதற்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

மறுநாள் குருவானவரிடம் போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நிதானமாக ஒரு புத்தகத்தின் தூசியைத் தட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா."

"எப்படிங்கய்யா?"

"குடுவை கழுவுறது யாருன்னு எனக்குத் தெரியாதா? அரைக் கிண்ணம் குடிச்சவன் அதைக்கூட விசாரிக்க மாட்டேனா?"

"அப்ப ஏங்கய்யா கமிட்டியில சொல்லல?"

"உங்க அண்ணி வேண்டாம்னாங்க. ஏன்னு அவங்களக் கேளும்மா."

"நீங்க மன்னிச்சிட்டா எனக்கு அது போதுங்கய்யா" என்றேன்.

"நான் மன்னிச்சு ஒன்பது வருஷமாச்சு. ஆண்டவரும் மன்னிச்சிருப்பாரு. ஆனா மினிட்ஸ் எங்க ரெண்டு பேர் கையிலயும் இல்லம்மா" என்றார் குருவானவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. முதலில் குருவானவருக்கு மரியாதை. பேராயர் கால் மணி நேரம் புகழ்ந்தார். குருவானவர் பதிலுக்கு, "முப்பது வருஷம் நீங்க என்னைப் பொறுத்துக்கிட்டீங்க, நானும் உங்களைப் பொறுத்துக்கிட்டேன்" என்று முடித்துக்கொண்டார். பிறகு பட்டியல். நன்றியாக இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றால் அந்த இரண்டு பெரியவர்களும் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. ஆர்கன் வாசிப்பவர் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் கையைத் தூக்கிவிட்டார்.

என் முறை வந்தது. மூன்றாவது வரிசையில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார், பக்கத்து இடம் காலி. அண்ணி எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? பின்னறையில், இஸ்திரிப்பெட்டியோடு. கையில் நன்றி வாசகம் எழுதிய தாள் இருந்தது. பார்த்தேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இந்தப் பத்திரம் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆசையாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா நீங்க எல்லாரும் அன்னிக்குக் குடிச்ச வினிகரை வாங்கினது நான். குடுவையில ஊத்தினது நான். சொல்லாம வீட்டுக்குப் போனதும் நான்தான். எங்க அண்ணி அதைத் திராட்சரசம்னு நெனச்சு எடுத்து வெச்சாங்க. அவங்க பண்ணின ஒரே தப்பு என்னை நம்பினது. நான் கேக்கற மன்னிப்பு உங்ககிட்ட இல்ல, அவங்ககிட்ட."

செயலாளர் சட்டைப் பையில் பேனாவைத் தடவினார். பேராயர் என் பக்கம் குனிந்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அது வினிகரா?"

"ஆமாங்கய்யா."

"உங்க சபையில வாங்குறதே அந்த ரகம்தான்னுல்ல நான் நெனச்சேன். வசதி இல்லாத சபை, சொன்னா மனசு கஷ்டப்படும்னு வாயத் திறக்கல" என்றார். கூடவே, "அதனாலதான் இந்தப் பக்கம் வரவே பயமா இருந்துச்சு" என்றார்.

முதலில் சிரித்தது குருவானவர். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேராயர் கோபத்தில் இருக்கிறார் என்று ஒன்பது வருஷம் நடுங்கிய செயலாளர் மட்டும் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை முதலில் அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அந்த அம்மா? பத்திரம் என் பேனாவாலயே எழுதுறேன். போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் பேராயர்.

பின்னறைக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் உண்டு, எல்லாம் கேட்டிருக்கும். அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற கோயில்பிள்ளை பழக்கதோஷத்தில், "என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

"அண்ணி" என்றேன்.

திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "இதைச் சொல்ல மைக் வேணுமா உனக்கு?" என்றார்.

"கமிட்டியில சொல்ல வேண்டாம்னு ஐயாவ ஏன் தடுத்தீங்க?"

"உன் கோபம் எனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னாடி உன்னக் கேட்டிருந்தா அன்னிக்கே இந்தக் கோயில விட்டுப் போயிருப்ப. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தவ நான். போக விடுவேனா?"

"அப்ப ஏன் என்கூடப் பேசல?"

"பழிய ஏத்துக்கிட்டா, சிரிச்சுட்டே ஏத்துக்கணும்னு சட்டமா?" இஸ்திரிப்பெட்டியை அணைத்தார். "நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு இருந்தேன். இந்தச் சனிக்கிழமை சொல்லுவ, அடுத்த சனிக்கிழமை சொல்லுவன்னு வந்துட்டே இருந்தேன். இந்த விரிப்புக்கு இஸ்திரி போடவா ஒன்பது வருஷம் வந்தேன்?"

இத்தனை நீளமான வாயை வைத்துக்கொண்டு, அவர் தோளில் முகத்தை வைத்து அழத்தான் முடிந்தது. "நீ அழுதா எனக்குப் புடிக்காதுன்னு தெரியும்ல" என்று சொல்லி அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். மருமகள் எப்படி, மகன் வீட்டில் மாடிப்படி ஏற முடியுமா, உங்கள் முட்டிவலி தேவலையா என்று நான் கேட்க, என் பெண் கல்யாணத்தில் தன்னை ஏன் நேரில் வந்து கூப்பிடவில்லை என்று அவர் கேட்க, ஒன்றை முடிக்காமல் இன்னொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் மூச்சிரைக்க உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? அங்க பேராயர் காத்துட்டு இருக்காரு."

"ஒன்பது வருஷம் நான் காத்துட்டு இருந்தேன்ல?" என்றார் அண்ணி. "அவரை ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க. நாங்க பேசிட்டிருக்கோம்."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே பாட்டு ஆரம்பித்தது.