ஆறாயிரம் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை

பல்லடம் ரோட்டில், என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் ஒரு மெயில் சர்வர் ஓடுகிறது. ஒன்பது பனியன் கம்பெனிகளின் மெயில் அதன் வழியாகத்தான் போகும். போகும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

அலாவுதீன் பாய் என் முதல் வாடிக்கையாளர். அவரை நம்பித்தான் மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, மகள் ஆஃப்ரினின் கல்யாணப் பத்திரிகையை மெயிலில் அனுப்ப வேண்டும் என்றார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

"ஆறாயிரம் வருமுங்க. நம்ம கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் போட்டவங்ககூட விட்டுப்போகக் கூடாதுங்க. எனக்குச் சொல்லலையேன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டுட்டா என்னங்க பண்றது?"

மணிக்கு இருநூறு மெயிலுக்கு மேல் போகாதபடி சர்வரில் கட்டு வைத்திருந்தேன். கல்யாணக் காரியத்துக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? அவிழ்த்துவிட்டேன். மடத்தனம்தான். என்றோ மூடிப்போன பட்டன் கம்பெனிக்கெல்லாம் பத்திரிகை போனது. திங்கள் காலை, பெரிய மெயில் கம்பெனி ஒன்று என் சர்வரை ஸ்பேம் பட்டியலில் போட்டு, இனி இங்கிருந்து எதையும் வாங்கமாட்டோம் என்றது.

பாயிடம் சரக்கு வாங்கும் டென்மார்க் பையருக்கு மெயில் அந்தக் கம்பெனியில்தான். சாம்பிள் அளவுகள் வியாழன் மாலைக்குள் வராவிட்டால் நாற்பதாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் கைமாறிவிடும் என்று அவர் எழுதியிருந்தார். பாய் கம்பெனியில் மெயில் பார்க்கும் ரோஸ்மேரி, "இலவச மெயில்ல அனுப்பிரட்டுங்களா?" என்று அன்றைக்கே கேட்டாள். பதினோரு வருஷமாக சர்வர் ஓட்டிச் சேர்த்த மானம். கொஞ்சம் பொறும்மா என்றேன்.

தடையை நீக்கச் சொல்லித் திங்களன்று மூன்று ஃபாரம் நிரப்பினேன். செவ்வாயன்று நாலு. புதனன்று எண்ணவில்லை. இன்பாக்ஸைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

வியாழன் நாலு மணிக்கு பாய் நேரில் வந்தார்.

"தரணி, கோவிச்சுக்காதீங்க. ரோஸ்மேரி இலவச மெயில்லயே அனுப்பிட்டாங்க. ரெண்டே நிமிசம், ஓகே வந்துருச்சுங்க."

"நல்லதாப் போச்சுங்க பாய்."

"கம்பெனி மெயிலையும் அங்கயே மாத்திரலாம்னு இருக்கேனுங்க. நீங்களே மாத்திக் குடுத்துட்டா..."

"சரிங்க."

"கல்யாணத்துக்கு ஊட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க."

தலையை ஆட்டினேன்.

அவர் போனதும் பதினோரு வருஷ மெயிலை இறக்க ஆரம்பித்தேன். டிஸ்கில் இடம் பற்றவில்லை. என் ஸ்பேம் பெட்டியையாவது காலி செய்யலாமென்று திறந்தேன்.

அந்தப் பெரிய கம்பெனியின் மெயில் அங்கே கிடந்தது. வந்தது செவ்வாய் காலை பத்தேகாலுக்கு. உங்கள் கோரிக்கையைப் பார்த்தோம், இதற்கு 'ஆம்' என்று பதில் போட்டால் தடை உடனே நீங்கும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போடவும் என்று எழுதியிருந்தது.

முன்பின் தெரியாதவர்கள் அவசரப்படுத்தி எழுதினால் உள்ளே விடாதே என்று சர்வருக்கு விதி எழுதி வைத்தவன் நான்தான். அது ஒரு நாளும் தப்பு செய்ததில்லை என்று ஒன்பது கம்பெனியிலும் சொல்லியிருக்கிறேன்.