நல்லா இருக்கு, வச்சுக்குங்க

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. காலமான நாடகாசிரியர் ஒருவரின் தாள்களைக் கல்லூரி நூலகம் வாங்கிக்கொள்ளப் போகிறது, ஒரு பக்க அறிமுகம் எழுதித் தாருங்கள் என்றார்கள். அந்தக் கல்லூரியில்தான் அவர் நாடகம் கற்பித்தார். தாள்களைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அறிமுகம் இன்னும் எழுதியபாடில்லை. அவருடைய மகள் சொன்ன சங்கதி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மகள் முதல் பெட்டியைத் திறந்து

வேண்டாம். மழையும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்லாம் பழைய மேடைத் திரையில் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்தன.

2

நாடகாசிரியருக்கு ஒரு பழக்கம். எழுதிய வசனம் வாயில் நிற்கிறதா என்று வீட்டில்தான் சோதித்துப் பார்ப்பார். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டை விட்டுப் போவதாக முடிவு செய்துவிட்டேன் என்பார். கல்யாணமான புதிதில் அம்மா அதைக் கேட்டு அழுதிருக்கிறார். அந்த அழுகையையும் அவர் குறித்துக்கொண்டாராம்.

போகப் போக அம்மா கைதேர்ந்துவிட்டார். கணவர் எதைச் சொன்னாலும், மடிப்பதை நிறுத்தாமல், "நல்லா இருக்கு, வச்சுக்குங்க" என்பார். பிடிக்காவிட்டால், "இழுக்குது, வெட்டுங்க." மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இதுதான் பேச்சு.

[இங்கே நீங்கள் அந்த மனிதரை வெறுக்கத் தொடங்கினால் தடுக்கமாட்டேன். நானும் கொஞ்சம் வெறுத்தேன்.]

3

கடைசியில் மருத்துவமனையில், ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கியிருந்த நேரம், அவர் மனைவியைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அம்மா போர்வையைச் சரிசெய்தபடியே, வாய்ப்பழக்கத்தில், "நல்லா இருக்கு, வச்சுக்குங்க" என்றார். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

[என்ன வாக்கியம் என்று மகள் எனக்குச் சொன்னார். எழுதினேன், அடித்துவிட்டேன். இங்கே எழுதினால் அதுவும் வசனமாகிவிடும்.]

4

மகள் மூட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நூலகத்துக்குக் கொடுக்கும் முன், அந்த வாக்கியம் எந்த நாடகத்திலாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எதற்கு என்று மகள் கேட்டார்.

"இருந்தா ஒத்திகைதான் பாத்திருக்கார். நானும் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கேன். இல்லன்னா..."

அம்மா முடிக்கவில்லை. (நான் முடித்துப் பார்த்தேன். நாடகத்தனமாக இருந்தது.) மகளுக்குப் புரிந்தது. இல்லையென்றால் அது அம்மாவுக்கே சொன்ன வார்த்தை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வார்த்தைக்கு அம்மா கொடுத்த பதில்தான் அந்த 'வச்சுக்குங்க'.

மகள் தேடினார். வருகைப்பதிவுத் தாள்களின் முதுகில், திருத்தாத விடைத்தாள்களின் ஓரத்தில், மருந்துச் சீட்டுகளில் என்று அப்பா கைக்குக் கிடைத்ததில் எல்லாம் எழுதியிருந்தார். அம்மா எப்போதோ எரிந்து விழுந்தது ஒரு ராணியின் வாயில் கிடந்தது. மகள் காய்ச்சலில் பிதற்றியதுகூட ஒரு காட்சியில் இருந்தது. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்தது. கடைசி மூட்டையில் பென்சிலால் எழுதிய, முடியாத நாடகம் ஒன்று. ஒரு கணவன், ஒரு மனைவி. கையெழுத்து நடுங்கியிருந்தது.

5

முடிவு ஒன்று: வாக்கியம் அதில் இருக்கிறது. அம்மாவின் பாரம் இறங்குகிறது, அன்று சாப்பாடும் இறங்குகிறது. மறுநாள் அவருடைய நாற்காலியைத் துடைக்கும்போது அம்மாவுக்கு

முடிவு இரண்டு: இல்லை. வார்த்தை அம்மாவுக்குக் கிடைக்கிறது, கூடவே அந்தப் பதிலும் ஆயுசுக்கும் கூட வருகிறது.

முடிவு மூன்று: இருக்கிறது. மகள் அந்தத் தாளை மட்டும் உருவி

இவற்றில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் சங்கடம்.

6

சொல்லக்கூடியது இவ்வளவே. மகள் சமையலறைக்குப் போனார். அம்மா திரும்பாமலே, இருந்ததா என்று கேட்டார்.

"இல்லம்மா. எதுலயும் இல்ல."

அம்மா அடுப்பை அணைத்தார்.

"அப்ப எனக்குத்தான் சொல்லியிருக்கார்" என்றார். பிறகு, "நான்தான் தப்பா பதில் சொல்லிட்டேன்."

அழுதார். அழுதுகொண்டே அந்த வாக்கியத்தைத் தானே ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அதற்கு வேறொரு பதிலும் சொன்னார். மகள் வெளியே வந்துவிட்டார்.

மகள் சொன்னது மெய்யா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், அவரும் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதை அச்சானதும் முதல் பிரதி அந்த அம்மாவுக்குப் போகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படிப்பார். படித்துவிட்டு, எதிரே வரும் உங்களை நிறுத்தி, இருந்ததா என்று கேட்டாலும் கேட்பார்.

இல்லை என்று சொல்லுங்கள்.