இன்னொரு டேக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நானாக யோசித்த கதை அல்ல. ஒரு படப்பிடிப்பில் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது. நிஜ மனிதர்களைப் பற்றித் தொடர் எழுதுவது என் பிழைப்பு. 'உண்மைச் சம்பவம்' என்று முதலில் ஒரு வரி போட்டுவிட்டு, அப்புறம் இஷ்டத்துக்கு அளந்துவிடும் வேலை.

இம்முறை ஒரு நர்ஸம்மாவின் கதை. போர்க்காலத்தில் அவருடைய கணவரைச் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள். எதிரி நாட்டு மொழி அந்தக் கணவருக்குத் தாய்மொழி, அதுதான் குற்றம். கைகாட்டிவிட்டது நர்ஸம்மாவின் சொந்தக்காரர்கள். மனிதர் திரும்பவேயில்லை.

2

'கதவு தட்டப்பட்டபோது மழை...'

(மழை இல்லை. சோகம் என்றால் மழையைக் கூப்பிட்டுவிடுவது என் கெட்ட பழக்கம்.)

நல்ல வெயில். செட் போட்ட வீடு. மானிட்டருக்கு முன்னால் நர்ஸம்மாவுக்கு நாற்காலி. கணவராக நடித்தவரைச் சிப்பாய்கள் வெளியே இழுத்துப் போனார்கள். இயக்குநர் 'கட்' சொன்னார்.

"சட்டைக் கையை மடிச்சு விட்டிருக்காரே. எங்க வீட்டுக்காரர் மடிக்கவே மாட்டாருங்க" என்றார் நர்ஸம்மா.

கையை இறக்கிவிட்டு மறுபடி எடுத்தார்கள். "செருப்பு போட்டிருந்தாரு." மறுபடி. "திரும்பிப் பாக்கலைங்க." மறுபடி.

(இங்கே ஒரு சங்கதி: மாதக்கணக்கில் அவரைக் கேட்டுக் கேட்டு எழுதியவன் நான். மடித்த கை, வெறுங்கால், திரும்பிப் பார்த்தது எல்லாமே அவர் வாயால் சொன்னவை.)

3

அவருக்கு மறதி என்று எழுதிவிடலாமா? கதைக்கு வசதி. ஆனால் இழுத்துப் போகும்போதெல்லாம் நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். 'கட்' கேட்டதும் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அடுத்த டேக்குக்கு நடிகர் அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் திரும்பி வர வேண்டும்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, எங்கிட்ட நீங்க சொன்னது வேற மாதிரி..."

"தெரியும் தம்பி." வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போனதைத்தான் தினம் பாக்குறேனே. வர்றதை இப்பத்தான் பாக்குறேன்."



4

முடிவுக்கு வருவோம். நர்ஸம்மா தானே எழுந்து 'போதும்' என்கிறார். (கைதட்டுவீர்கள். சுத்தப் பொய்.) அல்லது, அடுத்த முறை உள்ளே வருவது நடிகர் அல்ல, நிஜமாகவே அவருடைய...

வேண்டாம். என்னாலேயே தாங்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மறுநாள் அந்த வீட்டைப் பிரித்துவிடுவார்கள். "சட்டைக் காலர் வந்து..." என்று நர்ஸம்மா இழுத்தார். இயக்குநர் பொறுமை இழந்து என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டர், நீங்க சொல்லுங்க. இப்ப எடுத்தது சரியா, இல்லையா?"

நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 'சரி' என்றால் வெளியே நிற்கும் நடிகர் அப்படியே வேனில் ஏறிப் போய்விடுவார். 'இல்லை' என்றால் இன்னும் ஒரு முறை வீட்டுக்குள் வருவார். நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம், வெளிச்சம் போகிறது.